ஜீரோ ரிசல்ட்ஸ்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். பின்னாடி மிக்ஸி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. பக்கத்து வீட்ல சட்னி அரைக்கிறாங்க.

போன எபிசோட்ல ரெஸ்யூமே பத்திப் பேசிட்டு இருந்தப்போ, என் ரெஸ்யூமேல எட்டு மாசம் 'கேப்' இருக்குன்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த எட்டு மாசம் என்ன பண்ணீங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. உண்மையில அது கேப்பே இல்ல. ஒரு மெடிக்கல் காலேஜ் லைப்ரரியில லைப்ரரி அசிஸ்டன்ட்டா வேலை பார்த்தேன். ஐ.டி. கம்பெனி இன்டர்வியூல அதைச் சொன்னா, 'இவன் ஏன் இங்க வர்றான்'னு பார்ப்பாங்களோன்னு பயந்து மறைச்சேன். அதுக்கு இப்போ வெட்கப்படுறேன். ஏன்னா இன்னைக்கு நான் வாங்குற சம்பளத்துக்கு உண்டான வேலையில பாதியை அங்கதான் கத்துக்கிட்டேன். எந்தக் காலேஜ்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். நோயாளி ஒருத்தர் இந்தக் கதைக்குள்ள வர்றார். அதனால ஊர், வயசு மாதிரி விஷயங்களையும் சொல்லப் போறதில்ல.

2018-ல பி.இ. முடிச்சேன். கேம்பஸ்ல கிடைச்ச ஆஃபர் லெட்டர்ல ஜாய்னிங் தேதி தள்ளிப் போயிட்டே இருந்தது. அந்த நேரத்துல அந்த லைப்ரரி, புத்தகக் கணக்கை கம்ப்யூட்டருக்கு மாத்திட்டு இருந்தது. 'கோஹா'ன்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். பழைய அக்செஷன் ரெஜிஸ்டரைப் பார்த்து ஒவ்வொரு புத்தகத்தையும் டைப் பண்ணணும், பார்கோடு ஒட்டணும். அதுக்குத்தான் தற்காலிகமா என்னை எடுத்தாங்க. ரெண்டே வாரத்துல ஆள் பத்தலைன்னு கவுன்டர்ல உட்கார வெச்சுட்டாங்க. மதியம் ரெண்டு மணியிலேர்ந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் ஷிஃப்ட்.

என்ன வேலைன்னா, பையை வாங்கி வெச்சுட்டு டோக்கன் குடுக்கணும். கேட் ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டாங்களான்னு பார்க்கணும். திரும்பி வந்த புத்தகங்களை ட்ராலியில ஏத்தி அதது ரேக்ல சொருகணும். புதுப் புத்தகம் வந்தா சீல் குத்தணும், முதுகுல லேபிள் ஒட்டணும். சீலை முதல் பக்கத்துல மட்டும் இல்ல, வெளியாளுக்குத் தெரியாத ஒரு 'ரகசியப் பக்க'த்துலயும் குத்துவாங்க. முதல் பக்கத்தைக் கிழிச்சு எறிஞ்சாலும் புத்தகம் யாருதுன்னு அது காட்டிக் குடுத்துரும். எந்தப் பக்கம்னு இங்க சொல்ல மாட்டேன், தொழில் தர்மம்.

எம்.பி.பி.எஸ். பசங்களோட ஒரு டெக்னிக் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பரிட்சை நேரத்துல அனாடமி புத்தகத்தை எடுத்துட்டுப் போய் கம்யூனிட்டி மெடிசின் ரேக்ல, பெரிய புத்தகங்களுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுருவாங்க. மறுநாள் காலையில வந்து அவங்களே எடுத்துக்கலாம்ல. கம்ப்யூட்டர்ல 'இருக்கு'ன்னு காட்டும், ரேக்ல இருக்காது. நான் அதை டேட்டா பிரச்சினைன்னு நினைச்சு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். அங்க இருந்த சீனியர் அக்கா சிரிச்சுட்டே நேரா போய் அந்தப் பின்வரிசையில கைவிட்டு மூணு புத்தகத்தை எடுத்துட்டு வந்தாங்க. இருபது வருஷத்துக்கு மேல அங்க இருந்தவங்க. பேர் சொல்லலை, அக்கான்னே சொல்றேன்.

அடுக்குற முறையும் வேற மாதிரி. நாம ஸ்கூல்ல பார்த்த 610, 620 மாதிரி நம்பர் இல்ல. அமெரிக்காவோட நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின் போட்ட வகைப்பாடு. க்யூ.எஸ். வந்தா உடற்கூறு, க்யூ.வி. வந்தா மருந்தியல், டபிள்யூ.ஜி. வந்தா இதயமும் ரத்தக்குழாயும், டபிள்யூ.எஸ். வந்தா குழந்தைகள் மருத்துவம். ஒரு மாசத்துல எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. இப்பவும் யாராவது 'க்யூ.ஏ. டீம்'னு சொன்னா, ஒரு செகண்ட் அது எந்த ரேக்னு மனசு தேடும்.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன்.

எட்டரை மணி இருக்கும். ஜெனரல் மெடிசின் பி.ஜி. டாக்டர் ஒருத்தர் வேகமா வந்தார், கேரளாக்காரர். வார்டுல ஒருத்தருக்கு விடாம வாந்தி, வயித்துப்போக்கு. முதல்ல சாதாரண ஃபுட் பாய்ஸன்னுதான் சேர்த்திருக்காங்க. அப்புறம் கூட வந்தவங்க, 'கலப்பைக்கிழங்கு சாப்ட்டாரு'ன்னு சொல்லியிருக்காங்க. டாக்டருக்கு அது என்னன்னு தெரியலை. அவரோட சீனியரும் அந்த நேரத்துல டியூட்டியில இல்லை. "இதைப் பத்தி ஏதாவது கேஸ் ரிப்போர்ட் இருக்கான்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"ன்னு கேட்டார்.

எனக்கு ஒரே உற்சாகம். அதுவரைக்கும் டோக்கன் குடுக்குற ஆள், இப்போ டாக்டருக்கே உதவி பண்றேன்ல. பப்மெட் ஓப்பன் பண்ணேன். பப்மெட் தெரியாதவங்களுக்கு, உலகம் முழுக்க வர்ற மருத்துவக் கட்டுரைகளைத் தேடுற இலவசத் தளம் அது. 1997-லேர்ந்து எல்லாருக்கும் இலவசம். அதை நடத்துறதும் ஒரு லைப்ரரிதான், இப்ப சொன்ன அதே நேஷனல் லைப்ரரி ஆஃப் மெடிசின். அதுல 'கலப்பை கிழங்கு பாய்ஸனிங்'னு ஆங்கில எழுத்துல அடிச்சேன். ஜீரோ ரிசல்ட்ஸ். கிழங்குக்கு ஸ்பெல்லிங் மாத்தி அடிச்சேன், ஜீரோ. எங்க காலேஜ் கேட்டலாக்லயும் அடிச்சேன், அங்கயும் ஜீரோ.

"எதுவும் இல்ல சார்"னு சொன்னேன். எந்தத் தயக்கமும் இல்லாம சொன்னேன். கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, நான் வேற பி.இ. படிச்சவன். அவர் 'ஓகே, தேங்க்ஸ்'னு திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டார்.

அக்கா ட்ராலியைத் தள்ளிட்டு வந்துட்டு இருந்தாங்க. "சார், ஒரு நிமிஷம் இருங்க"ன்னு அவரை நிறுத்திட்டு என்கிட்ட, "தம்பி, என்ன வார்த்தை போட்டுத் தேடுன?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். "கலப்பைக்கிழங்குன்னா கண்வலிக்கிழங்குதானே? எங்க ஊர்ப் பக்கம் பந்தல் மாதிரி கம்பி கட்டி, விதைக்காகப் பயிர் பண்ணுவாங்க. பூ செவப்பும் மஞ்சளுமா நெருப்பு மாதிரி இருக்கும். செங்காந்தள் தம்பி."

செங்காந்தள்! நாலாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ண தமிழ்நாட்டு மாநில மலர். அதோட கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சு இருக்கிறதால அந்தப் பேர். கார்த்திகைக்கிழங்குன்னும் சொல்வாங்க. ஈழத்துல கார்த்திகைப்பூ. அதை என் போன்ல தேடினேன், தாவரவியல் பேர் கிடைச்சது: குளோரியோசா சூப்பர்பா. படத்தை டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் ஒரு செகண்ட் பார்த்துட்டு, "அய்யோ, இது எங்க ஊர் மேந்தோன்னி!"ன்னார். அந்தச் செடியை அவருக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும். விஷம்னும் தெரியும். தமிழ்ப் பேர்தான் தெரியாது.

இதுக்கப்புறம் அக்கா பண்ணதுதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது. "அவர் சாப்பிட்டது இதுதான்னு நாங்க சொல்லலை சார். அதை நீங்கதான் அவங்ககிட்ட திரும்பக் கேட்டு முடிவு பண்ணணும். இந்தப் பேர்ல தேடித் தர்றோம், அவ்வளவுதான் எங்க வேலை"ன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொன்னாங்க. அவர் உடனே வார்டுக்கு போன் போட்டு, படத்தை அனுப்பி, கூட வந்தவங்ககிட்ட காட்டச் சொன்னார். அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துடுச்சு. அதே செடிதான். வேலியோரமா இருந்ததைத் தோண்டும்போது கிடைச்ச கிழங்கு. சாப்பிடுற கிழங்குன்னு நினைச்சு அவிச்சிருக்காங்க.

அந்த நேரத்துல நாங்க தேட ஆரம்பிச்சுட்டோம். அக்கா முதல்ல கம்ப்யூட்டருக்கு வரலை. தடயவியல் மருத்துவப் புத்தகம் ரெண்டை எடுத்துட்டு வந்து கடைசியில இருக்கிற இன்டெக்ஸ்ல 'குளோரியோசா'வைப் பார்த்தாங்க. அந்தச் செடியில இருக்கிற விஷத்தோட பேர் கால்சிசின். கவுட்னு ஒரு மூட்டு நோய் இருக்கே, அதுக்குக் கொஞ்சமா குடுக்கிற மருந்தும் இதேதான். அளவு மீறினா விஷம். விதைக்காகப் பயிர் பண்றதும் இந்த கால்சிசினுக்காகத்தான். இப்போ எங்ககிட்ட மூணு வார்த்தை இருக்கு: செடி பேர், விஷத்தோட பேர், ஆங்கிலத்துல சொல்ற 'குளோரி லில்லி'. மூணையும் நடுவுல 'ஆர்' போட்டு, 'பாய்ஸனிங்' கூட சேர்த்துத் தேடினோம்.

பக்கம் பக்கமா வந்தது. தமிழ்நாட்டிலேர்ந்து, இலங்கையிலேர்ந்து, வேற நாடுகள்லேர்ந்து. எல்லாமே ரெண்டு நிமிஷம் முன்னாடி நான் 'எதுவும் இல்ல'ன்னு சொன்ன அதே பப்மெட்லதான் இருந்தது.

டாக்டர் எங்க டேபிள்ல நின்னுட்டே படிச்சார். இந்த விஷத்துல முதல் நாள் வெறும் வயித்துப்போக்கு மாதிரிதான் தெரியும். ரெண்டு மூணு நாள்ல எலும்பு மஜ்ஜை பாதிச்சு ரத்த அணுக்கள் இறங்கும், மத்த உறுப்புகளும் பாதிக்கப்படலாம். அதாவது வாந்தி நின்னுடுச்சுன்னு டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்புறதுதான் ஆபத்து. அதைத் தாண்டிப் பிழைச்சு வந்தவங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல முடி கொட்டும். அதைப் பத்தி 1966-லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, அப்போ சிலோன்னு சொன்ன இலங்கையிலேர்ந்து ஒரு கேஸ் ரிப்போர்ட் வந்திருக்கு. உடம்பு முழுக்க முடி கொட்டினதைப் பத்தி. பழைய பக்கத்தை ஸ்கேன் பண்ணி இலவசமா வெச்சிருந்தாங்க. நாலு கட்டுரையை பிரின்ட் எடுத்துக் குடுத்தோம். அவர் ஓடிட்டார்.

இதை 'லைப்ரரி ஒரு உயிரைக் காப்பாத்துச்சு'ன்னு கதையா மாத்த எனக்கு இஷ்டம் இல்ல. வார்டுல ஏற்கெனவே ட்ரிப்ஸ் ஏத்தி, செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுதான் இருந்தாங்க. நாங்க இல்லைன்னாலும் காலையில வர்ற பெரிய டாக்டர் கேட்ட உடனே கண்டுபிடிச்சிருப்பார். என் பிரச்சினை வேற. ஜீரோ ரிசல்ட்ஸ்னு திரையில வந்தா, நான் அடிச்ச வார்த்தைக்கு எதுவும் மாட்டலைன்னு மட்டும்தான் அர்த்தம். நான் அதை 'உலகத்துல இல்லை'ன்னு மொழிபெயர்த்து ஒரு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.

ஷிஃப்ட் முடியும்போது அக்கா திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன். திட்டலை. "இல்லைன்னு சொல்லாத தம்பி. 'இந்த இந்த வார்த்தையில, இங்க இங்க தேடினேன், கிடைக்கலை'ன்னு சொல்லு. அப்பதான் அடுத்த ஆள் வேற இடத்துல தேடுவான்"னாங்க. அப்புறம் ஒரு பழைய நோட்டைக் காட்டினாங்க. யார் என்ன கேட்டாங்க, எந்த வார்த்தையில கிடைச்சது, எதுல கிடைக்கலைன்னு தேதி போட்டு வருஷக்கணக்கா எழுதி வெச்சிருந்தாங்க. நாம இன்னைக்கு ஸர்ச் லாக்னு சொல்றோமே, அதேதான். பால்பாயின்ட் பேனாவுல.

அன்னையிலேர்ந்து எங்க கேட்டலாகை நான் பார்க்கிற விதமே மாறிடுச்சு. குழந்தைகள் மருத்துவத்துக்கு பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் ஒண்ணு, அமெரிக்க ஸ்பெல்லிங் ஒண்ணு. ரத்தசோகைக்கும் அப்படித்தான், உணவுக்குழாய்க்கும் அப்படித்தான். எங்க கேட்டலாக்ல ஒரு ஸ்பெல்லிங்ல தேடினா இன்னொரு ஸ்பெல்லிங்ல இருக்கிற புத்தகம் வராது. அதுல பாதியை டைப் பண்ணது நான்தான்! பப்மெட்ல அப்படி ஆகாம இருக்க 'மெஷ்'னு ஒரு சொற்பட்டியல் இருக்கு. 1960-லேர்ந்து மனுஷங்க உட்கார்ந்து வளர்த்துட்டு வர்றது. நீங்க 'ஹார்ட் அட்டாக்'னு அடிச்சாலும், அது 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்'னு புரிஞ்சுக்கிட்டுத் தேடும். ஆனா கலப்பைக்கிழங்கு அதுக்குத் தெரியலை. அந்த இடத்துல தாராபுரம் பக்கத்துக் கிராமத்துல வளர்ந்த ஒரு அக்காதான் மெஷ்.

இன்னொரு விஷயமும் உறுத்திட்டே இருந்தது. ரேக்ல இருக்கிறது எல்லாம் சரியான பதிலும் இல்ல. 2010-ல அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் சி.பி.ஆர். வரிசையையே மாத்தினாங்க. முன்னாடி மூச்சுப்பாதை, மூச்சு, அப்புறம் நெஞ்சை அழுத்துறது. இப்போ முதல்ல நெஞ்சை அழுத்தணும். ரோஃபெகாக்சிப்னு ஒரு வலி மாத்திரை, இதயப் பாதிப்பால 2004-ல உலகம் முழுக்க வாபஸ் வாங்கினாங்க. ஆனா பழைய பதிப்புப் புத்தகத்துல அது நல்ல மருந்து. அந்தப் பதிப்புகள் எங்க ரேக்ல புதுசுக்குப் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தது. ஏன் எடுக்கலைன்னா, ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல ஒரு புத்தகம் குறைஞ்சா பொறுப்பாளர் பதில் சொல்லணும். தள்ளுபடி பண்ண கமிட்டி, கையெழுத்து, ஃபைல். தப்பான புத்தகம் இருந்தா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க, புத்தகம் இல்லைன்னாதான் கேட்பாங்க. நானும் அக்காவும் ஒரு வாரம் உட்கார்ந்து பழைய மருந்தியல் பதிப்புகள் எல்லாத்துலயும் 'பழைய பதிப்பு, புதியதைப் பார்க்கவும்'னு மஞ்சள் ஸ்லிப் ஒட்டினோம். அதுக்கு ஃபைல் தேவைப்படலை.

வேலையை விட்ட பிறகு, சும்மா படிக்கும்போதுதான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 2001-ல நடந்த விஷயம் கண்ணுல பட்டது. ஆஸ்துமா பத்தின ஓர் ஆராய்ச்சி. 24 வயசுப் பெண், அங்கேயே வேலை பார்த்த டெக்னீஷியன், நல்ல ஆரோக்கியமா இருந்தவங்க. தன்னார்வலரா சேர்ந்து ஹெக்ஸாமெத்தோனியம்கிற பழைய மருந்தை மூச்சு வழியா உள்ளே இழுத்தாங்க. நுரையீரல் பாதிச்சு ஒரு மாசத்துக்குள்ள இறந்துட்டாங்க. ஆராய்ச்சியாளர் முன்கூட்டியே பாதுகாப்பைப் பத்தித் தேடாம இல்ல, பப்மெட்ல தேடியிருக்கார். ஆனா அன்னைக்கு பப்மெட்ல இருந்தது முக்கியமா 1966-லேர்ந்து வந்த கட்டுரைகள்தான். அந்த மருந்து ரத்தக் கொதிப்புக்குப் பரவலா இருந்தது 1950-கள்ல. நுரையீரலைப் பாதிக்கும்னு எச்சரிச்ச கட்டுரைகளும் அந்தக் காலத்துலதான் வந்திருக்கு. அதெல்லாம் அச்சு இன்டெக்ஸ்லயும் பைண்ட் பண்ண பழைய வால்யூம்கள்லயும் இருந்தது. தேடல் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, வேற தவறுகளையும் விசாரணையில சுட்டிக்காட்டினாங்க. கொஞ்ச நாள் அங்க அரசு நிதியில நடந்த மனித ஆய்வுகள் எல்லாத்தையுமே நிறுத்தி வெச்சாங்க.

அதைப் படிச்சப்போ எனக்கு அந்த 1966 இலங்கை ரிப்போர்ட்தான் ஞாபகம் வந்தது. அது ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா, 2001-ல தேடின ஒருத்தர் திரையில வந்திருக்குமான்னு சந்தேகம்தான். பழைய கட்டுரைகளைப் பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா சேர்த்திருக்காங்க. ஆனா எல்லாத் தேடுபொறிக்கும் எங்கேயோ ஒரு சுவர் இருக்கு. அந்தச் சுவர் எங்க இருக்குன்னு அது தானா சொல்லாது.

இப்போ நான் வேலை பார்க்குற டீம்ல என் பொறுப்பு ஸர்ச்தான். எதுவும் கிடைக்காதப்போ வர்ற அந்தப் பக்கத்துக்கு ஒரு சோகமான பூதக்கண்ணாடி படம் போட்டு, 'முடிவுகள் இல்லை'ன்னு எழுதி டிசைன் வந்தது. அதை மாத்தணும்னு நான் மூணு மீட்டிங்ல சண்டை போட்டேன். எந்தத் தேதியிலேர்ந்து டேட்டா இருக்கு, எந்த ஃபீல்டுல தேடினோம், வேற என்ன வார்த்தை போட்டுப் பார்க்கலாம்னு காட்டணும்னு கேட்டேன். "யார் ப்ரோ இதெல்லாம் படிப்பாங்க?"ன்னு கேட்டாங்க. பாதிதான் ஜெயிச்சேன். தேதி இப்போ வருது, பூதக்கண்ணாடியும் அங்கயேதான் இருக்கு.

அந்த டாக்டர் கிட்டத்தட்ட மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் வந்தார். ரொம்பத் தூக்கம் இல்லாத முகம். "அந்த 1966 பேப்பர் இன்னொரு காப்பி கிடைக்குமா?"ன்னார். நோயாளி பிழைச்சுட்டார், ஆனா தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டுது, வீட்ல பயந்துபோய் வேற நோய் வந்துடுச்சுன்னு அழுறாங்க. இது எதிர்பார்த்ததுதான், மறுபடி முளைக்கும்னு விளக்கறப்போ கையில காட்ட அவருக்கு ஒண்ணு வேணுமாம். நான் பிரின்ட் எடுத்துக் குடுத்தேன். அக்கா பில் புக்கை எடுத்து, "ரெண்டு பக்கம், ரெண்டு ரூபா சார்"னாங்க. அவர்கிட்ட சில்லறை இல்ல. நான்தான் குடுத்தேன்.

சரி மக்களே, இந்த வாரம் இவ்வளவுதான். ஒரு வேலை தர்றேன் உங்களுக்கு. செங்காந்தளுக்கு உங்க ஊர்ல, உங்க வீட்டுப் பெரியவங்க என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஊர் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. வர்ற எல்லாப் பேரையும் நான் ஒரு நோட்டுல எழுதிட்டு இருக்கேன். அடுத்த வாரம் பார்க்கலாம்.